வெள்ளத்தின் பின் விதைநெல்

இயற்கையின் சீற்றத்தால் விளைவை இழந்த கமக்காரருக்கு அரசாங்கம் இருவகையில் உதவலாம். ஒன்று நிவாரணம், மற்றது கடன். நிவாரணம் அன்றைய பசியைத் தீர்ப்பது, திருப்பிக் கொடுக்கவேண்டாதது. கடனோ அழிந்த வயலை மீண்டும் விளைநிலமாக்குதற்குக் கொடுக்கும் முதல். விளைவு வந்தபின் திரும்பவேண்டியது. இரண்டும் வேண்டியனவே. ஆயினும், நிவாரணத்தைக் காட்டிலும் கடனை முறையாக வழங்குவது கடினம். அது ஏன் என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலாவது, காலம். எமது வரண்ட பிரதேசங்களிற் பெரும்போக நெல் வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைக்கப்பட்டு, மாசி பங்குனியில் அறுவடையாகிறது. வெள்ளமும் சூறாவளியும் பெரும்பாலும் கார்த்திகை மார்கழியில், பயிர் இளமையாய் நிற்கும்போது வருகின்றன. ஒரு வாரத்துக்கு மேல் முற்றாக மூழ்கிய இளம்பயிர் பெரும்பாலும் அழுகிவிடும். வெள்ளம் வடிந்த சில நாட்களுக்குள் மூன்று மாத நெல்லினத்தின் விதையும் உழவுக்கூலியும் கைக்கு வந்தால், அதே போகத்தில் மறுவிதைப்புச் செய்தல் கூடும். அவ்வாறன்றி, விண்ணப்பம் கிராம அலுவலரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து வங்கிக்குமாக நடந்து தைமாதம் கழிந்துவிட்டால், கமக்காரர் சிறுபோகத்தையே எதிர்பார்க்கவேண்டும். சிறுபோகமோ குளத்து நீரை நம்பியது. 1957 ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்திற் போலக் குளக்கட்டுகளே உடைந்துபோனால், அதுவும் இல்லை. ஆகவே, காலந்தாழ்ந்த கடன் விதையாக மாறாது; வீட்டுச் செலவிலே கரைந்து, தீராத பாரமாக நிற்கும்.

இவ்வுண்மையை ஆட்சியாளர் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தின் பின் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணைக்குழு, 1880 ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பின்னர் அங்கு இரு சட்டங்கள் பிறந்தன. 1883 ஆம் ஆண்டுச் சட்டம் கிணறு வெட்டுதல் முதலிய நிலத்திருத்தங்களுக்குக் கடன் வழங்கியது. 1884 ஆம் ஆண்டுச் சட்டமோ, துயர்நீக்கத்துக்கும், விதையும் மாடும் வாங்குதற்கும் கடன் கொடுக்க இடமளித்தது. இவையே மக்கள் வழக்கில் தக்காவிக் கடன் எனப்பட்டன. நீண்டகாலத் தேவை வேறு, அவசரத் தேவை வேறு என்று பிரித்தமை இச்சட்டங்களின் சிறப்பு. எனினும், திரும்பாத கடனை நிலவரி நிலுவையைப் போலவே அறவிடலாம் என்பதும் அவற்றின் விதியாயிருந்தது. அறுவடை தவறியவரிடம் அவ்வாறு அறவிட்டால், உதவியாக வந்த கடனே நிலத்தை இழக்கச் செய்யும் கருவியாகிவிடும்.

இனி, இலங்கையின் அனுபவத்தை நோக்குவோம். 1911 ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துடன் கடனுதவிச் சங்கங்கள் இங்கு வேரூன்றின. 1947 முதல் அரசாங்க நிதி, கமத்தொழில் உற்பத்தி விற்பனவுக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கிராமத்தை அடைந்தது. 1961 இல் மக்கள் வங்கி தோன்றியது. 1967 ஆம் ஆண்டின் புதிய கமத்தொழிற் கடன் திட்டத்தில் மக்கள் வங்கி கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கடன் வழங்க, திரும்பாத கடனின் நூற்றுக்கு 75 பங்கை மத்திய வங்கி பொறுப்பேற்றது.

வங்கியின் நட்டத்துக்கு இவ்வாறு பிணை கிடைத்தது. கமக்காரரின் நட்டத்துக்கு அத்தகைய பிணை எளிதிற் கிட்டவில்லை. பழைய கடனைத் தீர்க்காதவருக்குப் புதிய கடன் இல்லை என்பது பொதுவான விதி. வேண்டுமென்றே கடனைத் தட்டிக்கழிப்பவரையும், வெள்ளத்தால் விளைவு முழுவதையும் இழந்தவரையும் அவ்விதி ஒரே தட்டில் நிறுத்திவிடும். பின்னவர் வேறு வழியின்றித் தனியாரிடம் கைநீட்டுவார். வயலை ஈடு வைப்பார். சிலவேளை தம் சொந்த நிலத்திலேயே கூலிக்கு வேலை செய்ய நேரும். விதிகளை அளவின்றித் தளர்த்துவதும் பரிகாரமாகாது. 1977–78 பெரும்போகத்திற் கடன் மிகத் தாராளமாக வழங்கப்பட்டது. அதிற் பெரும்பங்கு திரும்பவில்லை. அதன் பின்னர் கடன் வழங்கல் வெகுவாகச் சுருங்கிற்று.

அடுத்த பெரும்போகத்தில், 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி, கிழக்கிலங்கையைப் பெருஞ்சூறாவளி தாக்கியது. மட்டக்களப்புக் கரையோரத்திலே தென்னைகள் வரிசை வரிசையாக வீழ்ந்தன. அவ்வழிவு தவணை பற்றிய ஒரு பாடத்தைப் புகட்டுகின்றது. நெல்லுக்குப் பெற்ற கடனை நான்கைந்து மாதத்தில் விளைவு கொண்டு தீர்க்கலாம். புதிதாக நட்ட தென்னம்பிள்ளையோ பலன்தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். இரண்டுக்கும் ஒரே தவணை விதிப்பது நியாயமாகாது. கடனின் தவணை வங்கியின் நாட்காட்டியை அன்றி, பயிரின் வயதைத் தழுவியிருத்தல் வேண்டும்.

அப்படியாயின், அழிந்த பயிரின் நட்டத்தை யார் தாங்குவது? இவ்விடத்திலேதான் காப்புறுதி வருகின்றது. இலங்கையில் நெற்பயிர்க் காப்புறுதி 1958 இற் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1961 இற் சட்டமாயிற்று. 1973 இல் அதற்கெனத் தனிச்சபை அமைந்தது. 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையாக விரிவடைந்தது. 2013 ஆம் ஆண்டில் வங்கிகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகள் ஆகியவற்றின் இலாபத்தில் நூற்றுக்கு 1 பங்கு பயிர்க் காப்புறுதிக்கென அறவிடப்படலாயிற்று. கமக்காரரின் உழைப்பால் வாழும் நாடு அவரது நட்டத்திலும் பங்குகொள்ள வேண்டும் என்ற நீதியை இவ்வறவீடு ஓரளவு ஏற்றுக்கொள்கின்றது. காப்புறுதி பழைய நட்டத்தைத் தாங்கினால், அவசரக் கடன் புதிய விதைப்புக்கே முழுவதும் பயன்படும். ஒன்றில்லாமல் மற்றது நொண்டியே.

கமக்காரர் செய்யவேண்டியவையும் சில உண்டு. தம் வயலின் பரப்பையும் பயிரையும் ஒவ்வொரு போகத்திலும் கமநல நிலையத்திற் பதிந்துகொள்ளல் நன்று. அழிவு நேர்ந்தவுடன், வயலை மறித்து உழுவதற்கு முன்னரே அறிவித்து, அதிகாரிகள் பார்வையிடும்படி செய்தல் அவசியம். உழுதபின் அழிவை அளத்தல் அரிது. பழைய கடன் இருப்பின், அதனை மறையாது கூறித் தவணையை நீடிக்கும்படி எழுத்தில் வேண்டுதல் தகும். பெற்ற பணத்தை விதைக்கும் வரம்புக்கும் செலவிட்டு, பற்றுச்சீட்டுகளைப் பேணுதலும் பின்னர் உதவும். குத்தகை நிலத்தைச் செய்பவர்க்கு உறுதி கையில் இல்லாமையால், குத்தகையை எழுத்திற் கொண்டிருத்தல் இரட்டிப்பாக வேண்டப்படுவது.

அதிகாரிகளின் கடமை இதனினும் பெரிது. விதைநெல்லை மாவட்டந்தோறும் முன்கூட்டியே சேமித்து வைத்தலும், கடனைச் சேறு காய்வதற்குள் வழங்குதலும், வேண்டுமென்று தவறியவரை வெள்ளத்தால் தவறியவரிடமிருந்து பிரித்தறிதலும் அவர்கள் கையில் உள்ளன. வெள்ளத்தைத் தடுத்தல் எல்லாக் காலத்தும் மனிதரால் இயலாது. வெள்ளத்துக்குப் பிந்திய போகத்தில் வயல் தரிசாய்க் கிடவாதபடி காத்தல் இயலும். அவசரக் கடனின் வெற்றியை அளக்க வழங்கிய தொகையைப் பார்த்தாற் போதாது. வெள்ளம் கொண்டுபோன வயல்களில் எத்தனை மறுபோகத்திலே கதிர் தாங்கின என்று எண்ணிப் பார்த்தலே சரியான கணக்காகும்.