வெண்ணிறமும் செவிட்டுத்தன்மையும்: இராஜபாளையம் நாய் வளர்ப்போர்க்குரிய இனப்பெருக்க நெறிகள்

ஆய்வுச்சுருக்கம்

தென் தமிழக நாட்டு நாயினங்களுள் இராஜபாளையம் நாய் தூய வெண்ணிறத்தாலும் இளஞ்சிவப்பு மூக்காலும் அறியப்பெறுவது. இவ்விரு பண்புகளையே முதன்மையாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டமையால், பிறவிச் செவிட்டுத்தன்மையும் இவ்வினத்தில் உடன் வந்துள்ளது. இதன் உயிரியல் காரணத்தை விளக்கி, வளர்ப்போர் தம் அளவில் கைக்கொள்ளத்தக்க தேர்வு, பதிவு, பேணல் முறைகளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இராஜபாளையம் நாய், நாட்டு நாயினங்கள், நிறமிச் செல்கள், பிறவிச் செவிட்டுத்தன்மை, உள்ளினச் சேர்க்கை

முன்னுரை

தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப்பெயரைக் குருளை என்று வகுக்கிறது. உயிரியலாரும் பிற்காலத்தில் மரபியல் என்னும் அதே சொல்லைத் தம் துறைக்குச் சூட்டிக்கொண்டனர். எந்தக் குருளை எந்த ஈற்றிலிருந்து வந்தது, அதன் தாய் தந்தையர் யாவர் என்னும் வினாக்களே இரண்டாவது மரபியலின் அடிப்படை. நாட்டு நாய் வளர்ப்பில் இவ்வினாக்களுக்கு விடை பெரும்பாலும் வளர்ப்பவரின் நினைவில் மட்டுமே உள்ளது.

விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய இந்நாய், பாளையக்காரர் காலத்து வேட்டையோடும் காவலோடும் தொடர்புபடுத்திப் பேசப்படுவது. 2005 சனவரி 9 அன்று இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல்தலைகள் நான்கனுள் ஒன்று இதற்குரியது. 2020 ஆகத்தில் பிரதமரின் வானொலி உரையில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்களின் பெயர்கள் இடம்பெற்றன. பெயர் பரவும்போது தேவை கூடும். தேவை கூடும்போது குட்டிகளின் எண்ணிக்கையும் கூடும். அவற்றின் நலம் தானாகக் கூடுவதில்லை.

நிறத்திற்கும் செவிக்கும் உள்ள தொடர்பு

கருவளர்ச்சியின்போது நிறமிச் செல்கள் நரம்பு முகட்டுப் பகுதியில் தோன்றி, உடலெங்கும் பரவித் தோல், மயிர், கண், உட்செவி ஆகிய இடங்களை அடைகின்றன. தோலிலும் மயிரிலும் இவற்றின் பணி நிறம் தருவது. உட்செவியில் பணி வேறு. காக்ளியா என்னும் நத்தைச்சுருளின் பக்கச் சுவரில் குருதிநாளங்கள் செறிந்த ஒரு படலம் உள்ளது. அங்குள்ள நீர்மத்தில் பொட்டாசியத்தின் செறிவையும் மின்னழுத்தத்தையும் நிலைநிறுத்த நிறமிச் செல்கள் இன்றியமையாதவை. அவை அவ்விடத்தை எட்டாதபோது, குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் அப்படலம் சிதைகிறது. அதனைச் சார்ந்த ஒலியுணர் மயிர்ச்செல்களும் அழிகின்றன. அழிந்தவை மீள முளைப்பதில்லை. இதற்கு மருந்தும் இல்லை.

வெண்ணிற நாய்கள் அனைத்தும் செவிடாவதில்லை என்பதையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். சமோயெட் நாய் முற்றிலும் வெண்மையானது. ஆயினும் அதன் மூக்கும் கண்ணிமையும் கறுப்பு. அதன் உடலில் நிறமிச் செல்கள் உள்ளன. அவை மயிருக்குத் தரும் நிறமே மங்கியுள்ளது. மூக்கும் இமையும் இளஞ்சிவப்பாக உள்ள நாயில் நிறமிச் செல்களே அவ்விடங்களுக்கு வந்து சேரவில்லை என ஐயுற இடமுண்டு. சந்தையில் விலையை உயர்த்தும் இளஞ்சிவப்பு மூக்கு, மருத்துவர் பார்வையில் செவியைச் சோதிக்கத் தூண்டும் அடையாளம்.

இத்தொடர்பு மிக விரிவாக ஆராயப்பட்ட இனம் தல்மேசியன். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட தல்மேசியன் நாய்களுள் ஏறத்தாழ 22 விழுக்காடு ஒரு செவியிலும் 8 விழுக்காடு இரு செவிகளிலும் கேளாதவையாக இருந்தன. பிறக்கும்போதே பெரிய நிறத்திட்டு உடைய குட்டிகளில் இவ்வீதம் குறைவு. ஆயினும் திட்டுடைய தல்மேசியனைக் கண்காட்சி விதிகள் ஏற்பதில்லை. செவி நலமுடையதை விலக்கிக் குறையுடையதைப் பெருக்கும் ஒரு விதியை மனிதரே அழகின் பெயரால் எழுதிக்கொண்டனர் எனலாம்.

இராஜபாளையம் நாயின் கதையும் இதனின் வேறன்று. ஓர் ஈற்றில் கறுப்போ பழுப்போ கலந்து பிறந்த குட்டிகளைக் கலப்பினமெனக் கருதிக் கழித்துவிடும் வழக்கம் வளர்ப்போரிடையே இருந்துவந்துள்ளது. நிறத்திட்டு கலப்பிற்குச் சான்றாகாது. வெண்மைக்குரிய மரபணுக்களின் வெளிப்பாடு குட்டிக்குக் குட்டி வேறுபடுவதாலும் அது தோன்றும். அவ்வாறாயின், கழிக்கப்பட்டவை கேட்கும் திறன் மிகுந்த குட்டிகளாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. காவலுக்கெனப் போற்றப்பட்ட ஓர் இனத்தில் செவித்திறனுக்கு எதிரான தேர்வு நிகழ்ந்திருப்பது எண்ணத்தக்கது.

கண்டறிதல்

குட்டியின் செவித்துளை பிறந்த இரண்டாம் வாரத்தில் திறக்கிறது. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் சோதித்தல் பொருந்தும். பலர் குட்டிகளைக் கூட்டமாக வைத்துக் கை தட்டிப் பார்ப்பர். அது பயன் தராது. கேளாத குட்டி, கேட்கும் குட்டிகள் ஓடும் திசையில் தானும் ஓடும். ஆகவே குட்டியைத் தனியே பிரித்து, அதன் பார்வைக்கு அப்பால் நின்று, தரை அதிராமலும் காற்று படாமலும் ஒலி எழுப்ப வேண்டும். உறங்கும் குட்டியின் அருகே எழுப்பும் ஒலி இன்னும் நம்பத்தக்கது.

இம்முறையால் இரு செவியும் கேளாத குட்டியையே அறியலாம். ஒரு செவி மட்டும் கேளாத குட்டி இயல்பாகவே நடந்துகொள்ளும். ஒலி வந்த திசையை அறிவதில் மட்டும் சற்றுத் தடுமாறும். அதனை ஐயமற உணர்த்துவது மூளைத்தண்டின் செவி மின்னலைப் பதிவு. தலைத்தோலில் நுண்ணிய மின்வாய்களைப் பொருத்தி, ஒவ்வொரு செவிக்கும் தனித்தனியே ஒலித்துடிப்புகளைச் செலுத்தி, நரம்பின் எதிர்வினையைக் கணினி பதிவுசெய்யும். சில நிமிடங்களில் முடியும். கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை என்பது உண்மை. ஆயினும் ஊரின் கிடா நாய்கள் சிலவற்றையேனும் இவ்வாறு சோதிப்பது, நூறு குட்டிகளைக் கை தட்டிச் சோதிப்பதைவிடப் பயன் மிக்கது. ஏனெனில் ஒரு பெட்டை தன் வாழ்நாளில் ஈனும் ஈற்றுகள் சில. ஒரு கிடா தந்தையாகும் ஈற்றுகளோ பல.

இணைசேர்த்தலும் பதிவும்

இக்குறைபாடு ஒற்றை மரபணுவால் வருவதன்று. எனவே குருதிச் சோதனையொன்றால் கடத்துநாயைக் கண்டறிய இயலாது. இரு செவியும் கேட்கும் பெற்றோர்க்கும் செவிட்டுக் குட்டி பிறக்கும். பெற்றோருள் ஒன்று ஒரு செவி கேளாததாயின் அவ்வாய்ப்பு மேலும் உயரும். ஒரு செவி கேளாத நாய் வீட்டு வளர்ப்பிற்கு முற்றும் ஏற்றது, இனப்பெருக்கத்திற்கு ஏற்றதன்று. பிரித்தானியாவில் தல்மேசியன் குட்டிகளைத் தொடர்ந்து சோதித்துத் தேர்ந்தெடுத்ததால் இக்குறைபாடு குறைந்துள்ளது.

சோதனைக் கருவி எட்டாத ஊரில் அதன் இடத்தை ஓரளவு நிரப்புவது பதிவேடு. இணைசேர்த்த நாள், தாய் தந்தை, பிறந்த குட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் மூக்கு, இமை, கண் ஆகியவற்றின் நிறம், ஆறாம் வாரச் செவிச் சோதனையின் முடிவு ஆகியவற்றைக் குறிக்க ஒரு பள்ளிக் குறிப்பேடு போதும். பத்து ஈற்றுகளின் பதிவு சேர்ந்தால் எந்தக் கிடாவின் குட்டிகளில் குறை மிகுகிறது என்பது புலப்படும்.

உள்ளினச் சேர்க்கையையும் இப்பதிவே காட்டிக்கொடுக்கும். உடன்பிறந்த நாய்களை இணைசேர்த்தால் குட்டியின் உள்ளினக் கெழு 25 விழுக்காடு. தந்தை மட்டும் ஒன்றானால் 12.5 விழுக்காடு. பெயர்பெற்ற ஒரு கிடாவையே சுற்றுவட்டாரம் முழுவதும் நாடும்போது, சில ஆண்டுகளில் ஊரின் நாய்கள் பலவும் ஒரு தந்தை மக்களாகிவிடும். நோயெதிர்ப்பு, கருவுறு திறன், ஈற்றின் அளவு மூன்றும் அப்போது தாழும்.

சினைக்காலமும் குட்டிப் பேணலும்

சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பிறந்த முதல் நாளில் சீம்பால் கிட்டாத குட்டிக்குத் தாய்வழி எதிர்ப்பாற்றல் இல்லை. குடற்புழு நீக்கம் இரண்டாம் வாரத்தில் தொடங்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரங்களில் தொடங்கி, பதினாறாம் வாரம் வரை இடைவெளிவிட்டுத் தொடர வேண்டும். தாய்வழி எதிர்ப்பொருள் முதல் ஊசியின் பயனைத் தடுக்கக்கூடும் என்பதாலேயே ஒரே ஊசியோடு நிறுத்தலாகாது. நிறமியற்ற தோலை வெயில் எளிதில் புண்படுத்தும். ஆகவே கொட்டிலுக்கு நிழல் தேவை.

நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் மாநில விலங்கு நல வாரியத்தில் வளர்ப்போர் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்கின. 18 மாதம் நிரம்பாத நாயை இணைசேர்த்தல், ஒரு பெட்டையை வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனச் செய்தல், எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் ஆகியவற்றை அவை விலக்கின. ஆறாம் வாரச் செவிச் சோதனைக்கு இக்கால எல்லை போதிய இடம் தருகிறது.

வளர்ப்போரை அணுகும் முறை

வீட்டுக் கொட்டிலில் இரண்டு மூன்று பெட்டைகளோடு இத்தொழிலை நடத்துவோர்க்கு ஒரு குட்டியின் விலை சிறு தொகையன்று. செவிட்டுக் குட்டியை மறைத்து விற்கத் தூண்டுவது அறியாமை என்பதைவிட இழப்பின் அச்சமே எனல் பொருந்தும். வாங்கியவர் சில வாரங்களில் உண்மையை அறிகிறார். பின்னர் அந்நாய் தெருவில் விடப்படுகிறது, அல்லது வண்டியின் ஒலி கேளாமல் அடிபடுகிறது. கைச்சைகையால் பழக்கினால் அது நல்ல வீட்டு நாயாக வாழக்கூடியது. குறையைச் சொல்லி, கருத்தடை செய்து, குறைந்த விலைக்குத் தருவதே வளர்ப்பவர் பெயரையும் நாயின் உயிரையும் காக்கும் வழி.

இழப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாத ஏற்பாடும் வேண்டும். இணைசேர்த்தமைக்குக் கிடாவின் உடைமையாளர் ஈற்றில் ஒரு குட்டியைப் பெறும் வழக்கம் பரவலாக உள்ளது. அவர் குட்டியைத் தெரிந்துகொள்ளும் நாளை ஆறாம் வாரச் சோதனைக்குப் பின்னதாக வைத்து, இரு தரப்பினரும் சோதனை முடிவில் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளலாம். கிடாவின் உடைமையாளரிடம் இவ்வாறு சேரும் தாள்களே அக்கிடாவின் வழித்தோன்றல் பதிவாகிவிடும். அடுத்து பெட்டையைக் கொண்டுவருபவர் அதனைக் கேட்டுப் பார்த்தபின் இணைசேர்ப்பது பற்றி முடிவு செய்யலாம்.