வில் வாங்கும் முன் சில யோசனைகள்

ராமாயணமும் மகாபாரதமும் கேட்டு வளர்ந்த நமக்கு வில் புதிய பொருள் அல்ல. சேரனின் கொடியிலேயே வில் உண்டு. நாம் குடியேறி வாழும் இந்த வங்காளத்திலும் வில்லுக்குத் தனி மரியாதை இருக்கிறது. 1855ஆம் ஆண்டு சித்து, கானு சகோதரர்களின் தலைமையில் சந்தால் மக்கள் வில்லும் அம்பும் ஏந்திக் கம்பெனிப் படையை எதிர்த்தார்கள். எஸ்பிளனேடில் உள்ள சித்து கானு டஹர் சாலை அவர்கள் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நம் காலத்திலோ, பராநகரைச் சேர்ந்த டோலா பானர்ஜி 2007இல் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தங்கம் வென்றார். அவர் தம்பி ராகுல் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தனிநபர் தங்கம் பெற்றார்.

இதனால்தானோ என்னவோ, ஜாதவ்பூர் பக்கத்து நம் தமிழ்க் குடும்பங்களில் சிலர் பிள்ளைகளுக்கோ தங்களுக்கோ வில் வாங்க விரும்புகிறார்கள். அதிலும் நம் அளவுக்குச் செய்து தரும் மரபு வகை நெடுவில்லின் மேல் பலருக்கு ஆசை. "நீங்கள் இன்ஜினீயர் ஆயிற்றே, எதை வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் வில்வித்தை ஆசான் அல்ல. ஆனால் ரயில்வே பட்டறையில் பல ஆண்டுகள் ஸ்பிரிங்குகளோடு பழகியவன். தமிழில் ஸ்பிரிங்குக்குப் பெயரே வில்தானே!

வில்லின் கணக்கு

சரக்கு வண்டிகளின் அடியில் எஃகுத் தகடுகளை அடுக்கிய பட்டைவில்லைப் பார்த்திருப்பீர்கள். நெடுவில்லும் அதே தத்துவம்தான். நாணை இழுக்கும்போது நம் கை செய்யும் வேலை வில்லின் இரு கைகளிலும் சேமிக்கப்படுகிறது. விட்டதும் அதன் பெரும்பகுதி அம்புக்குப் போகிறது. அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விட்டால் அந்தச் சக்திக்குப் போக்கிடம் இல்லை, வில்லையே தாக்கும். நல்ல வில்கூட இதனால் விரிசல் விடும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் ஆசையாகச் செய்யும் முதல் காரியம் இதுதான். கவனம் தேவை.

பட்டையின் அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ விறைப்பு கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். வில் செய்பவர் கடைசி நேரத்தில் சீவும் மெல்லிய சுருள்களில்தான் வில்லின் குணம் இருக்கிறது. இருபுறமும் ஒரே சீராக வளையும்படி அவர் சீவ வேண்டும். நாம் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி இந்த வேலைக்குத்தான்.

மூன்று வகைகள்

முதலாவது, ஒரே மரத்திலோ மூங்கிலிலோ செய்த வில். சந்தால் மக்களின் வில் இவ்வகை. நாணையும் மூங்கில் பட்டையிலேயே செய்துகொள்வார்கள். விலை குறைவு, எடையும் குறைவு. நம் தேசியப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்ற பிரிவில் இன்றும் மூங்கில் வில்தான். ஒலிம்பிக் வரை சென்ற தீபிகா குமாரியும் சிறு வயதில் மூங்கில் வில்லில் பழகியவர்.

இரண்டாவது, மரப் பட்டைகளை ஒட்டி, வெளிப்புறம் மூங்கில் வைத்தது. இழுக்கும்போது வில்லின் வெளிப்புறம் விரியும், உட்புறம் நெரியும். மூங்கிலின் தோல்பகுதி விரிவை நன்றாகத் தாங்கும். ஆகவே அதன் கணுக்களையோ தோலையோ வெட்டிச் சேதப்படுத்தாமல் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, மரப் பட்டையின் இருபுறமும் கண்ணாடி இழை ஒட்டியது. விலை அதிகம். ஆனால் ஈரத்துக்கு எளிதில் அசையாது, பல ஆண்டுகள் ஒரே குணத்தோடு இருக்கும்.

எத்தனை பவுண்டு?

எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். நாணை முழுதாக இழுத்துப் பிடிக்கத் தேவையான விசையைப் பவுண்டு கணக்கில் சொல்வார்கள். வழக்கமாக 28 அங்குலம் இழுத்தபோது அளந்த எண் அது. நாம் எவ்வளவு இழுப்போம் என்பது உடல்வாகைப் பொறுத்தது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்து, இரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய அந்த நீளம் கிடைக்கும். 55 அங்குலம் விரியும் சிறுமிக்கு 22 அங்குலம். 30 பவுண்டு என்று எழுதிய வில் அவளுக்குச் சுமார் 20 பவுண்டாகவே இருக்கும். அதே வில்லை 30 அங்குலம் இழுக்கும் உயரமான அப்பாவுக்கு 33 பவுண்டு வரும். வில் அவ்வளவு இழுப்புக்குச் செய்யப்படாதது என்றால் முறியவும் கூடும்.

இளைஞர்கள் கனமான வில்லையே கேட்கிறார்கள். 1545இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றில் பல 100 பவுண்டைத் தாண்டியவை என்று கணித்திருக்கிறார்கள். அந்த வீரர்கள் சிறு பிராயம் முதல் படிப்படியாகப் பழகியவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையன் முதல் வில்லாகவே 45 பவுண்டு வாங்கினான். மூன்றே வாரத்தில் தோள்வலி. வில் பரணுக்குப் போயிற்று. பணம் போனதைவிட, பையனின் ஆர்வம் போனதே எனக்கு வருத்தம்.

பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு 12 முதல் 16 பவுண்டு போதும். புதிதாகப் பழகும் பெண்களுக்கு 20 முதல் 28, ஆண்களுக்கு 25 முதல் 35. முழுதாக இழுத்து, பத்து விநாடி கை நடுங்காமல் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது உங்கள் வில் அல்ல.

ஆர்டர் கொடுக்கும்போது

உங்கள் இழுநீளத்தைச் சொல்லி, அந்த நீளத்தில் எத்தனை பவுண்டு என்று எழுதி வாங்குங்கள். 28 அங்குலம் இழுப்பவருக்கு 66 முதல் 68 அங்குல வில் பொருந்தும். நாண் பூட்டியபின் இருபுற வளைவும் ஒத்திருக்கிறதா என்று எட்ட நின்று பாருங்கள். பட்டறையில் புதுப் பட்டைவில்லை முழுச் சுமையில் அழுத்தி எடுத்து, வளைவு நிரந்தரமாகக் குறைந்ததா என்று அளப்போம். அதுபோல, பழகிய மர வில்லின் நாணைக் கழற்றிச் சமதளத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு அங்குலம் வளைந்து நிற்பது இயல்பு. அதற்கு மேல் என்றால் அந்த வில் களைத்துவிட்டது.

அம்பையும் சேர்த்தே வாங்குங்கள். விடுபட்ட அம்பு நெளிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. அம்பின் விறைப்பு வில்லின் விசைக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு குறி வைத்தாலும் ஒரு பக்கமாகவே விலகும்.

நம் ஊர் ஈரம்

ஆனி, ஆடியில் உப்பு கசிவதும் புத்தகங்கள் பூசணம் பூப்பதும் நமக்குத் தெரியும். மரமும் மூங்கிலும் அதே ஈரத்தைக் குடித்துத் தளரும். பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றுங்கள். சுவர் மூலையில் சாத்தாமல், இரண்டு ஆணிகளில் படுக்கையாக வையுங்கள். மூடிய காரில் வெயிலில் விட்டால் ஒட்டுப் பசை இளகும்.

ஃபிளாட் மொட்டை மாடி பயிற்சிக்கான இடம் அல்ல. 25 பவுண்டு வில்லின் அம்புகூட நூறு மீட்டரைத் தாண்டிப் போகும். கீழே சந்தில் யார் நடக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. பயிற்சியாளர் உள்ள கிளப்பில் மட்டுமே எய்யுங்கள்.

என் யோசனை இவ்வளவுதான். வளரும் பிள்ளைகளுக்கு இப்போதே அளவெடுத்து வில் செய்யாதீர்கள். ஒரு வருடம் கிளப் வில்லிலோ எளிய மூங்கில் வில்லிலோ பழகட்டும், வளர்த்தி நின்றபின் செய்துகொள்ளலாம். பெரியவர்கள் ஒரே ஒரு வில் வாங்குவதானால், இந்த ஊர் ஈரத்துக்குக் கண்ணாடி இழை ஒட்டியதே நல்லது. பராமரிக்கப் பொறுமை உள்ளவர்கள் மூங்கில் வைத்த மர வில்லை வாங்கி மகிழலாம். எதுவானாலும், கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கையை விரித்து அளந்து, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.