யுரேனியமும் குடிநீரும்
மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் யுரேனியச் சுரங்கம் ஏதுமில்லை. ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்திலுள்ள தும்மலப்பள்ளியில் உண்டு. தாதுவிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தபின் எஞ்சும் கழிவில் ரேடியம் தங்கிவிடுகிறது. அதிலிருந்து ரேடான் என்னும் கதிரியக்க வாயு வெளியேறுகிறது. ஆதலால் கழிவுக் குட்டைகளைத் தொடர்ந்து கண்காணிப்பது இன்றியமையாதது.

எனினும், குடிநீரில் கரைந்த யுரேனியத்தால் முதலில் பாதிக்கப்படுவது சிறுநீரகமே. கதிர்வீச்சைக் காட்டிலும் அதன் உலோக நச்சுத்தன்மையே இதற்குக் காரணம். சுரங்கம் இல்லாத ஊர்களிலும் பாறைகளிலிருந்து யுரேனியம் நிலத்தடி நீரில் கலக்கக்கூடும். நிறத்தாலோ சுவையாலோ இதனை அறிய இயலாது. காய்ச்சினால் கிருமிகள் அழியும். யுரேனியம் நீங்காது, நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகுபவராயின், அதனை ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். அளவு மிகுந்திருப்பின், முறையாகப் பராமரிக்கப்படும் ஆர்.ஓ. கருவி யுரேனியத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடும்.