கிட்டங்கிக்கு பேட்டரி தள்ளுவண்டி வாங்குவோர் கவனத்திற்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகப் பொருட்காட்சிக்குச் சென்றிருந்தோம். அங்கே ஓர் அரங்கில் கோல்ஃப் விளையாட்டுக்காரர்களுக்கான பேட்டரி தள்ளுவண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பொத்தானைத் தொட்டால் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு தானே முன்னால் போகிறது. ஆட்டக்காரர் வைத்துக்கொள்ளும் 14 மட்டைகளும் பையும் சேர்ந்து 12 முதல் 15 கிலோ இருக்கும். 18 குழிகளையும் ஆடி முடிக்க ஏழெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று விளக்கினார்கள். அதைக் கேட்டதும் நமக்குக் கீழமாசி வீதிக் கிட்டங்கிதான் நினைவுக்கு வந்தது. நம்மிடம் 30 வருடங்களுக்கு மேலாக மூட்டை தூக்கும் பெரியவரும் லாரி வரும் நாளில் அவ்வளவு தூரம் நடப்பார். பாதித் தூரம் அவர் முதுகில் 50 கிலோ இருக்கும்.

நாம் கடைக்கு வந்த காலத்தில் சர்க்கரையும் பருப்பும் 100 கிலோ மூட்டையாக வந்தன. ஒருவர் தூக்கிவிட, மற்றவர் சுமந்து போவார். ஆண் தொழிலாளி ஒருவர் சுமப்பதற்கு 55 கிலோவே உச்ச அளவு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரை செய்திருந்தது. அது நமது வீதிக்கு வந்து சேரவே பல காலம் ஆயிற்று. மூட்டை இப்போது சிறுத்துவிட்டது. தூக்குகிறவருக்கு வயது ஏறிவிட்டது. இளைஞர்கள் இந்த வேலைக்கு வருவதும் குறைந்து போயிற்று. எனவே நம்மைப் போன்ற வியாபாரிகள் பேட்டரி வண்டி பக்கம் திரும்புவது இயற்கை. அதை வாங்கும்போது நாம் செய்த தவறுகளை மற்றவர்கள் செய்யாமல் இருக்கவே இதை எழுதுகிறோம்.

முதல் வண்டியை விலையை மட்டும் பார்த்து வாங்கினோம். 250 வாட் மோட்டார், 12 வோல்ட் 26 ஆம்பியர் ஈய பேட்டரி. '300 கிலோ தாராளமாக இழுக்கும்' என்றார் விற்றவர். அவர் சொன்னது பொய்யல்ல. அவரது அரங்கின் வழவழப்பான தரையில் இழுக்கத்தான் செய்தது. நமது கிட்டங்கி வாசலிலோ பத்தடி நீளத்தில் ஓரடி உயரும் சாய்தளம் உண்டு. அதை அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. 50 கிலோவில் ஆறு மூட்டை 300 கிலோ, வண்டியின் எடை 100 கிலோ, ஆக மொத்தம் 400. நல்ல சிமெண்டுத் தரையில் இதை உருட்ட சுமார் எட்டு கிலோ விசை போதும். பத்துக்கு ஒன்று சாய்வில் ஏற்ற வேண்டுமானால் அந்த எட்டுடன் இன்னும் நாற்பது கிலோ சேரும். அதாவது சமதரையில் இழுப்பதைப் போல ஆறு மடங்கு. நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, வினாடிக்கு ஒரு மீட்டர் என்று ஏற்றினாலும் சக்கரத்தில் 470 வாட் வேண்டும். பல்சக்கரத்தில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் முக்கால் குதிரைத்திறன், அதாவது 560 வாட்டுக்குக் குறைந்த மோட்டார் ஆகாது. நமது 250 வாட் மோட்டார் ஒவ்வொரு முறையும் முனகிக்கொண்டே ஏறியது. ஆகவே வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் சாய்தளத்தை அளந்துவிடுங்கள். அட்டிகளுக்கு நடுவே உள்ள சந்தையும் அளந்துகொள்ளுங்கள். மூன்றடி சந்தில் இரண்டே முக்கால் அடி வண்டி நுழையும், ஆனால் திரும்பாது. அதையும் நாம் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அந்த வண்டியில் பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது. பொத்தானை விட்டால் மோட்டார் நிற்கும், அவ்வளவே. ஒரு நாள் ஐந்து மூட்டை துவரம்பருப்புடன் பாதிச் சாய்வில் மின்சாரம் அடங்கிப்போய், வண்டி பின்னோக்கி உருண்டது. பின்னால் நின்றவர் அந்தப் பெரியவர். கால் விரல்கள் நசுங்கி இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். வைத்தியச் செலவையும் அந்த நாட்களின் கூலியையும் நாம் கொடுத்தோம். அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனபோது, 'தலையில தூக்கியிருந்தா இது நடந்திருக்காது முதலாளி' என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே பிரேக்கைத்தான் முதலில் பாருங்கள் என்போம். மின்காந்த பிரேக் உள்ள வண்டியில், கைப்பிடியை விட்டாலும் பேட்டரி தீர்ந்தாலும் சக்கரம் தானே பூட்டிக்கொள்ளும். மின்சாரம் வந்தால்தான் பூட்டு திறக்கும். காட்டச் சொல்லும்போது காலி வண்டியில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுப் பாரம் ஏற்றி, சாய்வின் நடுவே கையை விடச் சொல்லுங்கள். பின்னால் யாரும் நிற்க வேண்டாம். இன்னொன்று, பேட்டரி தீர்ந்த வண்டியைக் கையால் தள்ளிப் போக அந்தப் பூட்டை விடுவிக்கும் நெம்புகோல் உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வண்டி வழியை அடைத்து நின்றுவிடும், லாரிக்காரர் கூச்சல் போடுவார்.

அடுத்தது பேட்டரி. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் அதில் அடங்கும் மின்சாரம் தெரியும். 24 வோல்ட், 40 ஆம்பியர்-மணி என்றால் 960 வாட்-மணி, ஏறக்குறைய ஒரு யூனிட். ஈய பேட்டரியில் இதில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். காலியாக விட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். நாம் முதல் வண்டியைப் பொங்கல் விடுமுறைக்குச் சார்ஜ் செய்யாமல் நிறுத்திவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அது எழுந்திருக்கவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் மோட்டாருக்கு ஒரு வருடம், பேட்டரிக்கு ஆறு மாதம் என்று பொடி எழுத்தில் இருந்தது. வாங்கியபோது அந்த எழுத்தைப் படிக்காதது நம் குற்றம்தான். மளிகைக் கடனுக்கு ஆயிரம் முறை சிட்டையைப் புரட்டுகிற நாம் இதைப் புரட்டவில்லை.

லித்தியம் பேட்டரியிலும் வகைகள் உண்டு. நமது வேலைக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை பொருந்தும். மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தைத் தாங்கும். எண்பது சதவீதம் வரை எடுத்தாலும் தாங்கும். ஈயம் சில நூறு முறை சார்ஜ் தாங்கும் என்றால் இது இரண்டாயிரத்தைத் தாண்டும். மேலே சொன்ன 24 வோல்ட் 40 ஆம்பியர் அளவுக்கு ஈயம் ஏறக்குறைய 27 கிலோ, இது பத்து கிலோ அளவில் முடிந்துவிடும். விலை அதிகம்தான். ஆனால் தினமும் சார்ஜ் போடுகிற கடைக்கு, வருடக் கணக்கில் பார்த்தால் ஈயமே அதிக விலை. வாரம் இரண்டு நாள் மட்டும் லாரி வருகிற சிறு கடைக்கு ஈயம் போதும் என்று நினைக்கிறோம். எதை வாங்கினாலும் அதற்குரிய சார்ஜரையே போட வேண்டும். ஒன்றின் சார்ஜரை மற்றதில் மாட்டக்கூடாது.

மளிகைக்காரர்களுக்கென்று தனிக் கவனம் ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரியில் அமிலம் இருக்கிறது. கவிழ்ந்து ஒரு மூட்டை பருப்பில் பட்டால் அந்த மூட்டை போயிற்று. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும், பொறி பட்டால் வெடிக்கும். எனவே சார்ஜ் போடும் இடம் காற்றோட்டமாக, மாவு, எண்ணெய், சாக்கு இவற்றிலிருந்து விலகி இருக்கட்டும். பிறகு எலி. எந்த விற்பனையாளரும் எலியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒயர்கள் இரும்புக் குழாய்க்குள்ளோ தடித்த உறைக்குள்ளோ போகிறதா என்று குனிந்து பாருங்கள்.

சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழவழத் தரைக்கு பாலியூரித்தேன், மேடு பள்ளமான கல் தரைக்குக் கெட்டி ரப்பர். காற்றடைத்த டயர் குலுக்காது, ஆனால் கிட்டங்கித் தரையில் கோணி ஊசி கிடக்காத நாள் ஏது?

வண்டி வந்ததும் சுமைத் தொழிலாளர்கள் அதைத் தொடக்கூட மாட்டார்கள். நமக்கும் அதுவே நேர்ந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரில் மளிகைக் கடைகள் நடத்திய சில்வன் கோல்ட்மேன் 1937ல் வாடிக்கையாளருக்குத் தள்ளுவண்டி அறிமுகம் செய்தபோது ஒருவரும் அதைத் தள்ள முன்வரவில்லையாம். கடைசியில் கூலி கொடுத்துச் சிலரை கடைக்குள் தள்ளிக்கொண்டு நடக்கவிட்டார், மற்றவர்களும் பார்த்துப் பழகினார்கள். அவர் வாடிக்கையாளருக்கு இருந்தது கூச்சம். நமது ஆட்களுக்கு இருந்தது பயம். வண்டி வந்தால் மூட்டைக் கூலியைக் குறைப்பார்கள், ஆட்களையும் குறைப்பார்கள் என்ற பயம். அது நியாயமான பயம் என்றே சொல்வோம். மூட்டைக்கு உள்ள கூலி அப்படியே இருக்கும், ஒருவரையும் நிறுத்தமாட்டோம் என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்ன பிறகுதான் வண்டி நகர்ந்தது. லாரி இறக்கும் நேரம் குறைந்ததால் நமக்கு இதில் நட்டமில்லை.

இரண்டாவது வண்டியை வாங்க அந்தப் பெரியவரையே அழைத்துப் போனோம். விலை முதல் வண்டியைப் போல் ஒன்றரை மடங்கு. நாம் பேட்டரியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்க, அவர் கைப்பிடியின் உயரத்தைத் தன் இடுப்போடு ஒட்டிப் பார்த்தார், பின்னோக்கி ஓட்டச் சொல்லி ஹாரன் அடிக்கிறதா என்று கேட்டார். பிறகு ஆறு மூட்டை ஏற்றச் சொல்லி, கடைக்காரரின் சாய்தளத்தில் நடுவே நிறுத்தி, தாம் ஒதுங்கி நின்று கையை விட்டார். அசையவில்லை. இரண்டாம் முறையும் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

பழைய ஈய பேட்டரியை அதே கடைக்காரர் விலையில் கழித்துக்கொண்டார். 2022ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைக் குப்பையில் போடக்கூடாது. உங்களிடமும் செத்த பேட்டரி மூலையில் கிடந்தால் புதியது வாங்கும்போது எடுத்துப் போங்கள், பில்லில் கழிவை எழுதி வாங்குங்கள்.