கற்றுக்கொடுத்தது கையில் நிற்க: பயிற்சிக்குப் பிந்தைய முப்பது நாட்கள்

உடுமலைக்கும் பழனிக்கும் நடுவே உள்ள மடத்துக்குளம் வட்டாரத்தின் நூற்பாலைகளிலும் சரி, வடக்கே திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் சரி, புதிதாகச் சேரும் ஆளுக்கு ஏதோ ஒரு பயிற்சி கிடைக்கிறது. சில நாள் வகுப்பு, ஒரு சுற்று மெஷின் காட்டுதல், பதிவேட்டில் கையெழுத்து. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சொன்னதில் பாதி நடப்பதில்லை. "சொல்லிக்கொடுத்தப்ப நல்லாத்தான் தலையாட்டினாங்க" என்று சூப்பர்வைசர் சலித்துக்கொள்கிறார். பழி ஆளின் மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு ஆளிடம் இல்லை. பயிற்சி நாளோடு வேலை முடிந்தது என்று நாம் நினைப்பதில் இருக்கிறது. கற்றது நிற்குமா போகுமா என்பதை அடுத்த முப்பது நாட்கள்தான் முடிவு செய்கின்றன.

மறதி எப்படி வேலை செய்கிறது?

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, சில நிமிடங்கள் முதல் ஒரு மாதம் வரை இடைவெளி விட்டு, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தார். 1885ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. "ஒரே நாளில் எழுபது சதவீதம் மறந்துவிடும்" என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படும் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். பொருள் உள்ள விஷயமும் கையால் செய்து பழகிய வேலையும் வெற்று அசைகளைப் போல அத்தனை சீக்கிரம் மறப்பதில்லை. ஆனால் முதல் சில நாட்களில் மறுபடி தொடாத பாடம் வேகமாகத் தேய்கிறது என்பது எல்லா வேலைக்கும் பொருந்தும்.

பார்த்ததும் செய்ததும் ஒன்றல்ல

நூல் நூற்கும் ரிங் பிரேமில் பீசிங் போடுவதை, அதாவது அறுந்த இழையை ஒட்டுவதை, எடுத்துக்கொள்வோம். இழை அறுந்ததும், மெஷினைக் கவனிக்கும் தொழிலாளியான சைடர் பிரேக்கை அழுத்தி அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் நிறுத்துகிறார். நூல் சுற்றிய காப்பை வெளியே எடுத்து நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுக்கிறார். சிறு கம்பிக் கொக்கியான டிராவலருக்குள் நூலைக் கோத்து, காப்பைத் திரும்பப் போட்டு, மேலே உள்ள கம்பி வளையத்தில் நூலை மாட்டுகிறார். பிரேக்கை விட்டதும், முன் ரோலரில் இருந்து இறங்கும் பஞ்சு இழையோடு முனையைத் தொட வைக்கிறார். பழகிய கைக்குச் சில நொடி வேலை. முனை நீளமாக இருந்தால் அந்த இடம் தடித்துவிடும். கோன் போடும் மெஷினில் வெட்டுப்படும், தப்பித்தால் பனியன் துணியில் குறையாகத் தெரியும். சரியாகச் சேராவிட்டால் மறுபடி அறுந்துபோகும்.

இதைப் பத்து முறை பார்த்தவருக்குப் புரிந்துவிட்டது போலத் தோன்றும். முனையை எவ்வளவு நீளம் விடுவது, எந்த நொடியில் தொடுவது என்பதைக் கைதான் கற்க வேண்டும். ஆகவே பயிற்சியில் பேச்சைக் குறைத்துக் கைவேலையைக் கூட்ட வேண்டும். ஓவர்லாக் பழகுபவருக்கும் இதே கதைதான். விறைப்பான காகிதத்திலோ காடாத் துணியிலோ நேராகத் தைத்தவர், இழுபடும் பனியன் துணியைப் பார்த்ததும் தடுமாறுவார். எந்தத் துணியில் வேலையோ அந்தத் துணியின் கழிவிலேயே பழக விடுவது நல்லது.

கேட்காமல் விடாதீர்கள்

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒரு பகுதியை ஒரு குழு இரண்டு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள் முன்னே இருந்தார்கள்: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தவர்களிடம் 42 சதவீதம் மிஞ்சியது, நினைவுபடுத்தி எழுதியவர்களிடம் 56.

பயிற்சி முடிந்த உடனே "புரிஞ்சுதா?" என்று கேட்டு வரும் "ஆமாங்க"வை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மறுநாள் காலை மெஷின் அருகே நின்று, "இழை ரோலரில் சுத்திக்கிட்டா முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் நினைவில் இருந்து தேடி எடுக்கும் அந்த முயற்சியே பாடத்தைப் பதிய வைக்கிறது. தவறினால் திட்டாமல் திருத்துங்கள். பயந்த ஆள் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மாட்டார். தெரியாமலே ஓடும் மெஷினில் கை வைப்பார்.

ஒரே நாளில் கொட்டாதீர்கள்

பிரிட்டிஷ் தபால் துறை ஊழியர்களுக்கு விசைப்பலகை பழக்கியதைப் பற்றி பேடலி, லாங்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978ல் எழுதினார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்தில் வேலையைக் கற்றார்கள். நாட்கணக்கில் மட்டும் அதிக காலம் ஆனது. நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கே தங்கள் பயிற்சி முறையில் திருப்தி குறைவு என்பதும் கவனிக்க வேண்டியது. வேகமாகக் கற்பது போன்ற உணர்வும், கற்றது நிற்பதும் வேறு வேறு.

அமராவதி அணையின் ஆயக்கட்டில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல, பாடத்தையும் பிரித்து, இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். முழு நாள் வகுப்பு ஒன்றைவிட, ஷிப்ட் தொடக்கத்தில் பதினைந்து நிமிடமாகப் பல நாள் கொடுப்பது மேல்.

சூப்பர்வைசர் கைவிட்டால்

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் புது ஆட்களைச் சீக்கிரம் பழக்க ஒரு நான்கு படி முறையைக் கையாண்டன: ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், பிறகு பின்தொடர். நான்காவது படியில்தான் நம் ஊரில் அதிகம் கோட்டை விடுகிறோம். சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று சொல்லி வைப்பதும், முதலில் அடிக்கடியும் பிறகு இடைவெளி விட்டும் போய்ப் பார்ப்பதும் அந்தப் படிக்குள் வரும்.

நம் நாட்டுத் துணி ஆலைகளிலேயே இதற்குச் சான்று உண்டு. நிக்கோலஸ் ப்ளூம் முதலிய பொருளாதார அறிஞர்கள் மும்பையை அடுத்த பகுதிகளில் 17 நிறுவனங்களின் 28 ஆலைகளை 2008 முதல் ஆராய்ந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்குப் பல மாத நிர்வாகப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற ஆலைகளின் உற்பத்தித் திறன் முதல் ஆண்டில் 17 சதவீதம் உயர்ந்தது. 2017ல் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அன்று பழகிய முறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. முக்கியமான காரணங்களில் ஒன்று, பழைய மேலாளர் வேலையை விட்டுப் போனது. ஒருவர் தலையில் மட்டும் இருக்கும் பாடம் அவரோடு போய்விடுகிறது. ஆகவே படிகளைப் படமாக வரைந்து மெஷின் பக்கத்திலேயே மாட்டுங்கள். புதிதாக வரும் மேஸ்திரிக்கும் அதே பயிற்சியைக் கொடுங்கள்.

கூலி, மொழி, தூக்கம்

பீஸ் ரேட்டில் தைப்பவருக்குப் பயிற்சியில் உட்காரும் ஒரு மணி நேரம் வருமான இழப்பு. அவர் மனம் மெஷினில்தான் இருக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பது நியாயம், கவனமாகக் கற்கவும் அதுதான் வழி.

ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்தவருக்குத் தமிழில் நடத்திய வகுப்பு வெறும் சத்தம். அவர் மொழி பேசும் பழைய தொழிலாளி ஒருவரைத் துணையாகப் போட்டு, அந்தப் பொறுப்புக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள்.

கற்றது பதிவதற்குத் தூக்கம் வேண்டும். நைட் ஷிப்ட் முடித்தவரையும், ஒன்றரை ஷிப்ட் நின்றவரையும் பிடித்து உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில் யாருக்கும் பயன் இல்லை.

அரிதாகத் தேவைப்படுவதுதான் முதலில் மறக்கும்

பீசிங் தினமும் நடக்கிறது, அதனால் கையில் நின்றுவிடும். தீயணைப்புக் கருவியைத் தினமும் யாரும் எடுப்பதில்லை. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் தீ பிடித்தால் யோசிக்க நேரம் இருக்காது. பின்னை இழு, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டு, கைப்பிடியை அழுத்து, இடமும் வலமும் வீசு: இந்த நான்கையும் ஒவ்வொருவரும் கருவியைக் கையில் பிடித்துச் செய்து பார்த்திருக்க வேண்டும். வெளியேறும் கதவு வரை நடந்தும் பார்த்திருக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட இத்தகைய பாடங்களுக்குத் தனிக் காலண்டர் போட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப நடத்துங்கள்.

முப்பது நாளுக்கு ஒரு திட்டம்

- முதல் நாள்: ஒரு வேலை மட்டும். செய்து காட்டி, அவரையே செய்ய விட்டு, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவர் வாயால் சொல்ல வைக்கவும்.
- மறுநாள்: மெஷின் அருகே இரண்டு கேள்வி.
- நான்காம் நாள்: உதவி இல்லாமல் செய்வதைப் பார்த்துத் திருத்தவும்.
- பத்தாம் நாள்: வழக்கமாக வரும் கோளாறு ஒன்றைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லவும்.
- முப்பதாம் நாள்: அவரே இன்னொரு புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. சூப்பர்வைசருக்கு நாளில் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும், அந்த அரை மணியை உற்பத்திக் கணக்கு கேட்டுப் பிடுங்காமல் இருக்க வேண்டும். பயிற்சிப் பதிவேட்டிலும் ஒரு மாற்றம் தேவை. வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், முப்பதாம் நாள் எத்தனை பேர் தாமாகச் செய்தார்கள் என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான் பயிற்சி வெற்றியா இல்லையா என்று பேச வேண்டும்.