குண்டு விழுந்த நகரில் ஒரு பெண்கள் பல்கலைக்கழகம்

ஹிரோஷிமா என்றதும் அணுகுண்டுதான் எமது நினைவுக்கு வரும். ஜப்பானின் அந்நகரில் 1886ஆம் ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்கென ஒரு கிறிஸ்தவப் பாடசாலை தொடங்கப்பட்டது. பின்னாளில் அது ஹிரோஷிமா ஜோகாகுயின் எனப் பெயர் பெற்றது. 1887இல் அமெரிக்காவிலிருந்து வந்த மெதடிஸ்த மிஷனரிப் பெண்மணி நானி கெய்ன்ஸ் அதனை வளர்த்தெடுத்தார்.

யுத்தகாலத்தில் மாணவிகள் வகுப்பறையிலிருந்து வேலைக்கு அனுப்பப்பட்டனர். தீ பரவாதிருக்க வீடுகளை இடித்து அகற்றுவதும் அவ்வேலைகளில் ஒன்று. 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி காலை 8.15க்குக் குண்டு விழுந்தது. இப்பாடசாலையில் மட்டும் சுமார் 350 மாணவிகளும் ஆசிரியர்களும் உயிரிழந்தனர். கட்டடங்களும் அழிந்தன.

ஆயினும் படிப்பு நின்றுவிடவில்லை. யுத்தத்துக்கு முன்பு ஜப்பானில் எந்தப் பெண்கள் கல்லூரிக்கும் பல்கலைக்கழக அந்தஸ்து இருக்கவில்லை. யுத்தத்தின் பின் கல்விச் சட்டம் மாறியது. குண்டு விழுந்து நான்கே வருடங்களில், 1949இல், இந்நிறுவனம் பெண்களுக்கான பல்கலைக்கழகமாயிற்று.

இறந்த பிள்ளைகளை அது மீட்டுத் தரவில்லை. எஞ்சிய பிள்ளைகளுக்கு, முன்பு இல்லாத ஒரு வாசலைத் திறந்தது. சகோதரிகளே, யுத்தம் வந்தால் வீட்டில் முதலில் நின்றுபோவது பெண்பிள்ளையின் படிப்புத்தான். அதை மீண்டும் தொடங்க, எல்லாம் சரியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.