சாரணர் முகாமும் விஞ்ஞான அறிவும்

தலைநகரிலும் பிற மாநிலங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு சிறு வழக்கு விசாரணைக்கு வருவதுண்டு. வாதி, பள்ளியில் கொடுத்த ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பிரதிவாதி, அலுவலகத்திலிருந்து களைத்து வந்திருக்கும் தந்தை. சாரணர் முகாமுக்குச் செல்லப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்பதே வழக்கு. "படிப்புக் கெட்டுவிடும், இந்தக் குளிரில் கூடாரத்தில் படுத்தால் உடம்புக்கு ஆகாது, கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டுவிட்டு, பிரதிவாதியே நீதிபதியாகவும் மாறித் தீர்ப்பளித்துவிடுகிறார். தாள் கையெழுத்தில்லாமலே பள்ளிக்குத் திரும்பிச் செல்கிறது.

தீர்ப்பு எழுதுமுன் சாட்சிகளை ஒருமுறை விசாரித்துவிடுவது நியாயமல்லவா? அந்த வேலையைத்தான் நாம் இங்கே செய்ய முற்படுகிறோம்.

முதலில் வழக்கின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டியுள்ள பிரவுன்ஸீ என்னும் தீவில், பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி சுமார் இருபது சிறுவர்களை அழைத்துச் சென்று முகாம் ஒன்று நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினார்கள். அவர் கையாண்ட முறை எளியது. பிள்ளைகளைச் சிறு அணிகளாகப் பிரிப்பது. அணிக்கு அவர்களுள் ஒருவனையே தலைவனாக்குவது. எதையும் சொற்பொழிவால் கற்பிக்காமல், செய்வித்துக் கற்பிப்பது. அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர் என்னும் ஏற்பாடு இன்றும் வழக்கில் உள்ளது.

இனி, முதற் சாட்சியாகக் கயிற்றையே அழைப்போம். இரண்டு நுனிகளைச் சேர்த்துக் கட்டும் ரீப் முடிச்சு, தட்டையாகப் படியும். வேண்டும்போது எளிதில் அவிழும். ஆதலால் காயத்துக்குத் துணிக்கட்டுப் போடுவதற்கு அது உகந்தது. ஆனால் ஒன்று பருமனாகவும் மற்றொன்று மெல்லியதாகவும் உள்ள இரு கயிறுகளை அதே முடிச்சால் இணைத்துப் பாரம் ஏற்றினால், அது நழுவிவிடும். அதற்கு ஷீட் பெண்டு என்னும் வேறு முடிச்சு இருக்கிறது. ஏன் ஒன்று நிற்கிறது, மற்றொன்று நழுவுகிறது என்று பிள்ளை கேட்கத் தொடங்கும் கணத்தில், உராய்வு என்னும் பௌதிகப் பாடம் பிறக்கிறது. நான்கு மூங்கில்களைச் சதுரமாகக் கட்டினால் சட்டம் ஆடுகிறது. மூலைக்கு மூலை ஐந்தாவது மூங்கில் ஒன்றைக் குறுக்கே கட்டியதும் ஆட்டம் நின்றுவிடுகிறது. முக்கோணம் உருக்குலையாது என்னும் உண்மையைத் தன் கையால் உணர்ந்த பிள்ளை, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழியில் பெரிய ஆறுகளின் மேலுள்ள இரும்புப் பாலங்களைப் பார்க்கும்போது, அவற்றில் அத்தனை முக்கோணங்கள் இருப்பதன் காரணத்தை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறான்.

இரண்டாவது சாட்சி ஒரு கோல். ஒரு மீட்டர் நீளமுள்ள கோலைத் தரையில் செங்குத்தாக நாட்டி, அதன் நிழலை அளக்க வேண்டும். நிழல் 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதே நேரத்தில் பக்கத்து மரத்தின் நிழல் 6 மீட்டர் இருக்குமானால், மரத்தின் உயரம் 10 மீட்டர். மரத்தில் ஏற வேண்டுவதில்லை. ஆற்றைக் கடக்காமலே அதன் அகலத்தை அறியவும் வழி உண்டு. எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே இக்கரையில் ஒரு முளை அடிக்க வேண்டும். கரையோரமாக இருபது அடி வைத்து நடந்து இரண்டாவது முளை. மேலும் இருபது அடி நடந்து மூன்றாவது முளை. அங்கிருந்து ஆற்றுக்கு முதுகு காட்டிச் செங்கோணமாக நடந்துகொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் இரண்டாவது முளையும் எதிர்க்கரை மரமும் ஒரே கோட்டில் தெரிகின்றனவோ, அங்கே நிற்கலாம். மூன்றாவது முளையிலிருந்து நாம் நடந்த தூரமே ஆற்றின் அகலம். வகுப்பறையில் சர்வசம முக்கோணம் என்று மனப்பாடம் செய்து பரீட்சைக்குப் பின் மறந்துபோகும் தேற்றம் இதுதான். ஆற்றங்கரையில் கால் நோக நடந்து கற்றவன் அதை மறப்பதில்லை.

மூன்றாவது சாட்சி முதலுதவிப் பெட்டி. தீப்பட்ட இடத்தில் மையையும் வெண்ணெயையும் பற்பசையையும் தடவும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. அவ்வாறு செய்யாமல், குளிர்ந்த குழாய் நீரைச் சுமார் இருபது நிமிடம் காயத்தின் மேல் ஓடவிட வேண்டும் என்பதைச் சாரணச் சிறுவன் பயிற்சியில் கற்றிருக்கிறான். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மின்னோட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருக்கிறான். வயிற்றுப்போக்கால் உடலின் நீர் வற்றும்போது, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். உறவினர் எவரும் அருகில் இல்லாத வெளியூரில், பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றிருக்கும் நடுப்பகலில், தங்கையின் கையில் கொதிநீர் பட்டுவிட்டால் வீட்டில் இருப்பவன் அவன் ஒருவன்தான். இந்த ஒரு சாட்சியே வழக்கை முடித்துவிடப் போதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் நான்காவது சாட்சியையும் விசாரிக்கத்தான் வேண்டும். ஏனெனில் அந்தச் சாட்சி, ஊரை விட்டு வந்திருக்கும் நம்மைப் பற்றியே பேசுவது. அது ஆகாயம்.

பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு, விளக்கொளி குறைந்த ஒரு முகாம் திடலில் நின்று வடகிழக்கே நோக்கினால் சப்தரிஷி மண்டலம் எழுந்திருப்பதைக் காணலாம். அதன் முன்னிரண்டு நட்சத்திரங்களை இணைக்கும் கோட்டை, அவற்றின் இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம் அகப்படும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். அடிவானத்திலிருந்து முஷ்டியின் மேல் முஷ்டியாக வைத்து அளந்தால், தில்லியில் துருவ நட்சத்திரம் மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் நிற்கும். சென்னைக் கடற்கரையிலோ அது ஒரு முஷ்டிக்குச் சற்று மேலேதான். துருவத்தின் உயரம் எத்தனை பாகையோ, அந்த ஊரின் அட்சரேகையும் ஏறத்தாழ அத்தனை பாகை. தில்லிக்கு 28.6; சென்னைக்கு 13.1.

அதே இரவில் பிள்ளையைத் தெற்கு நோக்கித் திரும்பச் சொல்லுங்கள். அங்கே பிரகாசமாக ஒளிர்வது அகத்திய நட்சத்திரம். சென்னையில் அது அடிவானத்துக்கு மேல் 24 பாகைக்கு ஏறி நிற்கும். தில்லியில் 9 பாகைக்கும் குறைவு. புகையும் பனியும் இல்லாத இரவில், மரங்களும் மாடிகளும் மறைக்காத திடலில் மட்டுமே கண்ணுக்குப் படும். வடக்கே துருவம் எவ்வளவு உயர்ந்ததோ, தெற்கே அகத்தியர் அவ்வளவே தாழ்ந்திருக்கிறார்: இரண்டுக்கும் வித்தியாசம் 15.5 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால், தில்லி சென்னைக்கு வடக்கே சுமார் 1,720 கிலோமீட்டர் என்று விடை வரும். ரயில் பாதை வளைந்து வளைந்து செல்வதால் அதன் தூரம் சுமார் 2,180 கிலோமீட்டர் ஆகிறது.

கைப்பேசியில் ஒரு நொடியில் தெரிந்துவிடும் தூரத்தை இவ்வளவு பாடுபட்டு ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கலாம். கைப்பேசி சொன்னது கேள்விப்பட்ட செய்தி. கையால் அளந்தது தானே கண்ட உண்மை. ஊரில் இருக்கும் தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, "தாத்தா, நீங்கள் மொட்டை மாடியில் நின்று துருவ நட்சத்திரம் எத்தனை முஷ்டி உயரம் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று பேரன் கேட்கட்டும். இரண்டு தலைமுறைகளும் இரண்டு ஊர்களும் சேர்ந்து பூமியின் உருண்டையை அளந்தவை ஆகும். தமிழ் தவிர வேறு மொழியில் படிக்க நேர்ந்த பிள்ளைக்கு, தன் ஊர் எங்கே இருக்கிறது என்பதை இதைவிட நன்றாக யார் காட்ட முடியும்?

நாம் சர்க்காரின் மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிப்பவர்கள். எந்த விளக்கத்தையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. ஆனால் ஒரு முடிச்சைப் பற்றி இரண்டு பக்கம் பெயர்த்து எழுதிய பிறகும், கயிற்றைக் கையில் எடுத்தபோது நமக்கு அது வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு சாரணச் சிறுமி அரை நிமிடத்தில் போட்டுக் காட்டினாள். சில அறிவுகள் சொல்லின் வழியே வருவதில்லை; விரலின் வழியேதான் வருகின்றன.

இந்தப் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைத்ததும் அன்று. 1909இல் பெங்களூரில் இந்நாட்டின் முதற் சாரணர் படை அமைந்தபோது, அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே உரியதாக இருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்தக் குறையைப் போக்க அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் வாஜ்பாயி ஆகியோர் சேவா சமிதியின் சார்பில் மற்றொன்றை நிறுவினார்கள். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7ஆம் நாள், பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. 1951 ஆகஸ்டு 15இல் சாரணியர் சங்கமும் அதனுடன் இணைந்தது. அன்று கதவைத் தட்டிப் பெற்ற உரிமையை, இன்று நாம் ஒரு கையெழுத்துக்குத் தயங்கி இழக்கலாகாது. மகனுக்கு மட்டுமன்றி மகளுக்கும் இது பொருந்தும்.

கேந்திரிய வித்யாலயங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கும் ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் இந்த வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. ரயில்வேக்கென்றே இயக்கத்தில் தனி அமைப்பு உண்டு. பிரவேசத்தில் தொடங்கி, பிரதம, துவிதீய, திருதீய சோபானங்களைக் கடந்து ராஜ்ய புரஸ்காரம், ராஷ்டிரபதி விருது என்று ஏறும் முறை நாடெங்கும் ஒன்றே. சோபானம் என்றால் படி. தந்தைக்குக் கல்கத்தாவிலிருந்து நாகபுரிக்கு மாற்றலானாலும், பிள்ளை விட்ட படியிலிருந்தே மேலே ஏறலாம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லாப் படைகளும் ஒரே தரத்தில் நடப்பதில்லை. விழா நாட்களில் கழுத்துத் துணி கட்டி அணிவகுத்து நிற்பதோடு முடிந்துவிடும் படைகளும் உண்டு. ஆகவே, பெற்றோர் சாரண ஆசிரியரைச் சந்தித்து மூன்று கேள்விகள் கேட்கட்டும்: பிள்ளைகள் தாமே சமைக்கிறார்களா? தாமே கட்டுகிறார்களா? தாமே அளக்கிறார்களா? முகாமில் உடன் இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர், மருத்துவ வசதி என்ன என்றும் கேட்பது அவர்கள் உரிமை. திருப்தியான விடை கிடைத்தால் பிள்ளையை அனுப்பலாம்; கிடைக்காவிட்டால், மற்றப் பெற்றோருடன் சேர்ந்து கேட்டுப் பெறலாம்.

சாட்சி விசாரணை முடிந்தது. கயிறும் கோலும் முதலுதவிப் பெட்டியும் ஆகாயமும் ஒரே குரலில் சொல்வது இதுதான்: கையால் செய்து கண்ட உண்மையைப் பிள்ளை தன்னுடையதாகக் கொள்கிறான், விஞ்ஞானத்தின் மீது ஆவல் அங்கேதான் வேர்விடுகிறது. அடுத்த முறை அந்தத் தாளைப் பிள்ளை கொண்டுவந்து நீட்டும்போது, ஒரு கம்பளியை மூட்டையில் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, நாம் கையெழுத்து இடுவோமாக.